லீவ் முடிந்து திங்கட்கிழமை வேலைக்குத் திரும்புகிறேன். எந்த வேகத்தில் போவது?

திங்கள்முதல் | வியாழன், இரவு 10:12

பர்ன்அவுட் (வேலையில் எரிந்து ஓய்ந்துபோவது) என்று எடுத்த ஒன்பது வார மருத்துவ விடுப்பு இந்த ஞாயிற்றுக்கிழமையோடு முடிகிறது. சாஃப்ட்வேர் வேலை, ஏழு பேர் கொண்ட டீம், பதினோரு வருட அனுபவம். போன வருடம் ஒரு ரிலீஸ் முடிவதற்குள் அடுத்தது தொடங்கி, அப்படியே எட்டு மாதம் ஓடியது. நடுவில் ஒருவர் வேலையை விட்டுப் போனார். அவர் இடத்துக்கு ஆள் எடுக்கவில்லை, அவருடைய வேலை மட்டும் எங்கள் ஏழு பேர் தலையில் பிரிந்து விழுந்தது.

முதலில் தெரிந்தது களைப்பு இல்லை. ஒரே மெயிலை நான்கு முறை படித்தும் என்ன கேட்கிறார்கள் என்று மண்டையில் ஏறவில்லை. அப்புறம், புதிதாகச் சேர்ந்த பையன் ஒருவன் நியாயமான சந்தேகம் ஒன்று கேட்டான், அவன்மேல் எரிந்து விழுந்தேன். அதற்குப் பிறகு அவன் என்னிடம் எதுவுமே கேட்பதில்லை. கடைசியில் ஒரு சனிக்கிழமை காலை லேப்டாப்பைத் திறந்து வைத்துக்கொண்டு இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். ஓர் எழுத்துகூட அடிக்க முடியவில்லை. தைராய்டு, ரத்தசோகை எல்லாம் சோதித்துப் பார்த்துவிட்டு, "ரிப்போர்ட் எல்லாம் நல்லா இருக்கு, நீங்கதான் நல்லா இல்லை" என்றார் மருத்துவர்.

இப்போது உடம்பு தேவலை. தூக்கம் வருகிறது. பயமெல்லாம் திங்கட்கிழமையை நினைத்துத்தான். பார்க்கிறவர்கள் எல்லோரும் "கொஞ்சம் மெதுவாப் போ" என்கிறார்கள். மெதுவாக என்றால் எவ்வளவு? நாளைக்கு எத்தனை மணி, கையில் எத்தனை வேலை? டீம் லீட் ஒரு பட்டியலை நீட்டும்போது என் வாயில் என்ன வார்த்தை வரவேண்டும்? தியான ஆப், மூச்சுப் பயிற்சி எல்லாம் ஏற்கெனவே நடக்கிறது, தயவுசெய்து அவற்றைச் சொல்லாதீர்கள். வேலையை மாற்றச் சொல்பவர்களுக்கும் நன்றி, இப்போதைக்கு அது முடியாது.

பழைய ஆணி | வியாழன், இரவு 10:40

தம்பி, தப்பா நினைக்காதீங்க. நான் முப்பது வருஷமா வேலை பாக்கறேன். ஆரம்பத்துல நாளைக்கு பதினாலு மணி நேரம், ஞாயிறு உட்பட. அப்ப இந்த பர்ன்அவுட் என்கிற வார்த்தையே யாருக்கும் தெரியாது. பிடிச்ச வேலையா இருந்தா களைப்பு வராது. வேலை பிடிக்கலைங்கறதுக்கு இப்ப ஒரு பேர் வச்சிருக்காங்க, அவ்வளவுதான்.

கடைசி பெஞ்ச் | வியாழன், இரவு 10:43

ஆணி ஐயா வந்தாச்சு. இழை எப்படியும் நாலு பக்கம் ஓடும்.

இரவுப் பணி | வெள்ளி, காலை 6:55

இப்பதான் ஷிப்ட் முடிஞ்சு வந்தேன், அதனால எழுத்துப்பிழை இருந்தா மன்னிக்கணும். நான் செவிலியர். ஆணி ஐயாவுக்கு ஒண்ணு சொல்லணும்.

அந்த வார்த்தை இன்னிக்கு நேத்து வந்ததில்லை. 1974ல ஹெர்பர்ட் ஃப்ராய்டன்பெர்கர் என்கிற உளவியலாளர் இதைப் பத்தி எழுதினார். நியூயார்க்ல இலவச மருத்துவமனை ஒண்ணுல அவரும் வேலை செஞ்சார். அங்க யார்கிட்ட இதைப் பார்த்தார் தெரியுமா? காசுக்கு வந்தவங்ககிட்ட இல்லை. சேவை செய்யணும்னு தானா ஓடி வந்தவங்ககிட்ட. முதல்ல எரிஞ்சு போனதே வேலையை ரொம்பப் பிடிச்சவங்கதான். எங்க வார்டுலயும் அதே கதை. கடிகாரத்தைப் பாத்துட்டே இருக்கறவங்க பல வருஷம் நிக்கறாங்க. "இந்த ஒரு பேஷன்ட்டை மட்டும் பாத்துட்டுப் போறேன்"னு நிக்கற பொண்ணுங்கதான் மூணாவது வருஷம் காணாமப் போறாங்க.

திங்கள்முதல் அண்ணா, நீங்க சொன்ன மூணும் அப்படியே பாடப்புத்தகம். உலக சுகாதார நிறுவனத்தோட நோய் வகைப்பாட்டின் 11ஆம் பதிப்புல இதை நோய்னு சொல்லலை, வேலை சார்ந்த நிகழ்வுன்னு வச்சிருக்காங்க. அதுக்கு மூணு அடையாளம்: சக்தி வத்திப்போறது, வேலையிலிருந்து மனசு விலகி ஒரு கசப்பு வர்றது, செய்யற வேலையில திறமை குறைஞ்சு போன உணர்வு. அந்தப் பையன்மேல எரிஞ்சு விழுந்தீங்களே, அது ரெண்டாவது. உங்க குணம் கெட்டுப் போச்சுன்னு நினைச்சு மருகாதீங்க.

ஒரே ஒரு எச்சரிக்கை. லீவ்லயும் எதுலயும் மனசு ஒட்டலை, வேலைக்குச் சம்பந்தமில்லாத விஷயத்துலயும் சந்தோஷமே இல்லைன்னா அது மனச்சோர்வா இருக்கலாம். அதுக்குச் சிகிச்சை வேற. உங்க டாக்டர்கிட்ட அதையும் ஒரு வார்த்தை கேட்டுக்கங்க. நான் தூங்கப் போறேன்.

பழைய ஆணி | வெள்ளி, காலை 9:20

சரிம்மா, ஏத்துக்கறேன். ஆனா ஒரு கேள்வி. கூட ரெண்டு மணி நேரம் உக்காந்தா கூட ரெண்டு மணி நேர வேலை முடியுமா முடியாதா? அதைச் சொல்லுங்க.

கணக்குப்புலி | வெள்ளி, மதியம் 1:05

முடியாது. ஒரு எல்லை வரைக்கும்தான் முடியும், அந்த எல்லையை அளந்திருக்கிறார்கள்.

முதல் உலகப் போர்க் காலத்தில் பிரிட்டனில் வெடிமருந்து, குண்டுத் தொழிற்சாலைகளில் தொழிலாளர்களை வாரக்கணக்கில் இடைவிடாமல் வேலை வாங்கினார்கள். 1915இல் அவர்களுடைய உடல்நலத்தை ஆராய அரசே ஒரு குழு அமைத்தது. யார் எத்தனை மணி நேரம் வேலை செய்தார், எவ்வளவு உற்பத்தி வந்தது என்ற பதிவுகள் எஞ்சின. கிட்டத்தட்ட நூறு வருடம் கழித்து, 2014இல் ஜான் பென்காவெல் என்ற பொருளாதாரப் பேராசிரியர் அதே பதிவுகளை எடுத்து மறுபடி கணக்குப் போட்டார். வாரம் சுமார் 49 மணி வரை நேரம் கூடக்கூட உற்பத்தியும் அதே விகிதத்தில் கூடுகிறது. அதற்குமேல் ஒவ்வொரு மணிக்கும் கிடைப்பது குறைந்துகொண்டே போகிறது. 70 மணி நேர வாரத்தின் உற்பத்திக்கும் 56 மணி நேர வாரத்தின் உற்பத்திக்கும் பெரிய வித்தியாசமே இல்லை. வாரத்தில் ஒரு நாள்கூட ஓய்வு இல்லாவிட்டால் உற்பத்தி அடிவாங்குகிறது என்பதும் அதே தரவில் தெரிகிறது. ஐயா, உங்கள் ஞாயிற்றுக்கிழமைகளுக்கு என் அனுதாபங்கள்.

கவனியுங்கள், இது குண்டு செய்யும் வேலை. கெட்டுப்போன குண்டு பெரும்பாலும் பரிசோதனையிலேயே தெரிந்துவிடும். சாஃப்ட்வேரில் இரவு பதினோரு மணிக்குப் போட்ட பிழை மூன்று வாரம் கழித்துத்தான் வெளியே வரும். அதைச் சரிசெய்யும் இரண்டு நாள் அந்த இரவின் கணக்கில் ஏறாது, வேறு வாரத்தின் கணக்கில் ஏறும். அதனால்தான் "அன்னிக்கு ராத்திரி எவ்வளவு முடிச்சோம்" என்ற நினைப்பு நமக்கு எப்போதும் இனிப்பாகவே இருக்கிறது.

உடம்புக் கணக்கும் இருக்கிறது. உலக சுகாதார நிறுவனமும் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பும் சேர்ந்து 2021இல் வெளியிட்ட ஆய்வின்படி, வாரம் 55 மணி அல்லது அதற்குமேல் வேலை செய்பவர்களுக்குப் பக்கவாத ஆபத்து 35 சதவீதம் அதிகம், மாரடைப்பு வகை இதயநோயால் இறக்கும் ஆபத்து 17 சதவீதம் அதிகம். ஒப்பிட்டது வாரம் 35 முதல் 40 மணி வேலை செய்பவர்களோடு.

திங்கள்முதல் | வெள்ளி, மதியம் 2:30

கணக்குப்புலி, இதைப் படித்ததும் எனக்குக் குழப்பம்தான் கூடியது. நான் 70 மணி நேரம் எல்லாம் செய்யவில்லை. விடுப்புக்கு முன்னால் டைம்ஷீட்டைக் கூட்டிப் பார்த்தேன். சராசரி 48, மோசமான வாரம் 54. சராசரியில் அந்த 49 மணி எல்லைக்கு உள்ளேதான் இருந்தேன். பின் எப்படிக் கவிழ்ந்தேன்?

வரிசையில் நிற்பவன் | வெள்ளி, மாலை 6:18

அண்ணா, இந்தக் கேள்விக்காகத்தான் காத்துக்கொண்டிருந்தேன். மணிக்கணக்கை விடுங்கள். அந்த 48 மணியில் ஏற்கெனவே ஒதுக்கப்படாத மணி எத்தனை?

எங்கள் துறையில் வரிசைக் கோட்பாடு என்று ஒன்று உண்டு. ஒரே ஒரு கவுன்ட்டர், ஆட்கள் எப்போது வருவார்கள் என்று தெரியாது, ஒவ்வொருவரின் வேலைக்கும் எவ்வளவு நேரம் ஆகும் என்றும் தெரியாது. ஓர் ஆளுக்குச் சராசரி அரை மணி என்று வையுங்கள். கவுன்ட்டரில் இருப்பவர் நாளில் 80 சதவீத நேரம் வேலையில் இருந்தால், வருகிறவர் சராசரியாக இரண்டு மணி நேரம் காத்திருக்க வேண்டும். 90 சதவீதம் என்றால் நாலரை மணி. 95 என்றால் ஒன்பதரை மணி. கவுன்ட்டர்க்காரர் கூடுதலாக உழைத்தது என்னவோ நாளில் பதினைந்து சதவீத நேரம்தான், ஆனால் காத்திருப்பு கிட்டத்தட்ட ஐந்து மடங்கு நீண்டுவிட்டது. நூறு சதவீதம் என்றால் வரிசைக்கு முடிவே இல்லை. இதில் சோம்பேறித்தனமும் இல்லை, மன உறுதியும் இல்லை, வெறும் கூட்டல் கழித்தல்.

இப்போது அந்தக் கவுன்ட்டரில் உங்களை உட்கார வையுங்கள். உங்கள் வாரம் திங்கட்கிழமை காலையிலேயே முழுக்க நிரம்பியிருந்தது. ஆனால் எதிர்பாராத வேலை வராத வாரம் உண்டா? சர்வர் விழும், யாரோ விடுப்பு போடுவார், வாடிக்கையாளர் மனசு மாறுவார். அதெல்லாம் வரும்போது போட இடம் இல்லை. அதனால் ராத்திரிக்குப் போகும், இல்லாவிட்டால் மண்டைக்குள் போகும். மண்டைக்குள் போனதை டைம்ஷீட் காட்டாது. 48 மணி வேலை, மீதி நேரமெல்லாம் "ஐயோ அது அப்படியே கிடக்கிறதே".

அதோடு ஒவ்வொன்றும் கேட்கும்போது சின்னதாகத்தான் இருக்கும். "அஞ்சு நிமிஷம்தான்", "ஒரே ஒரு ரிவ்யூ", "சும்மா மீட்டிங்ல உக்காந்தா போதும்". மயிலிறகுதானே, வண்டி தாங்காதா என்ன? அச்சு முறிந்த பிறகு எந்த இறகால் முறிந்தது என்று தேடிக்கொண்டிருப்போம்.

எண் கேட்டீர்கள், தருகிறேன். ஐந்து நாள் வாரத்தில் மூன்றரை நாளுக்கு மட்டும் வேலை ஒப்புக்கொள்ளுங்கள். மீதி ஒன்றரை நாள் பெயர் தெரியாத வேலைக்கு. அது வரும், வராமல் இருக்காது. வராவிட்டால் அடுத்ததை எடுத்துச் செய்யுங்கள், யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். இந்த மூன்றரை எந்த ஆராய்ச்சியும் சொன்னதில்லை, என் டீமில் இரண்டு வருடம் முட்டி மோதிக் கண்டது. உங்களுக்கு மூன்றாக இருக்கலாம், நாலாகவும் இருக்கலாம்.

இரண்டாவது எண். கையில் பத்து வேலை திறந்து கிடக்கிறது, வாரத்துக்கு இரண்டு முடிகிறது என்றால் ஒவ்வொன்றும் முடியச் சராசரி ஐந்து வாரம். ஜான் லிட்டில் 1961இல் நிரூபித்த சூத்திரம் இது. அந்த ஐந்து வாரமும் பத்துப் பேர் "எப்ப முடியும்" என்று கேட்டுக்கொண்டே இருப்பார்கள். மூன்று மட்டும் திறந்து வைத்தால் ஒன்றரை வாரம். செய்கிற வேலையின் அளவு அதேதான், கேட்கிறவர்கள் மூன்று பேர்.

கடைசி பெஞ்ச் | வெள்ளி, மாலை 6:31

பரீட்சைக்கு முந்தின நாள் பத்துப் புத்தகத்தையும் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவன் என்ற முறையில் இதை வழிமொழிகிறேன்.

இந்தப்பக்க மேனேஜர் | வெள்ளி, இரவு 9:50

இங்கே எல்லோரும் திட்டுகிற இனத்தைச் சேர்ந்தவன் நான். பதினெட்டுப் பேர் எனக்குக் கீழே. உள்ளதைச் சொல்கிறேன்.

எனக்கு மேலே ஒரு ஷீட் இருக்கிறது. அதில் ஒவ்வொருவர் பெயருக்கு நேராகவும் எத்தனை சதவீதம் ஒதுக்கீடு என்று ஒரு கட்டம். எண்பது என்று போட்டால் "மீதி இருபதுக்கு இன்னொரு புராஜெக்டில் போடலாமே" என்பார்கள். அதனால் நூறு போடுவேன். நூறு போட்டதும் நானே அதை நம்பத் தொடங்கிவிடுவேன், அங்கேதான் தப்பு. யாரும் என்னிடம் வந்து முடியாது என்று சொல்லாதவரை முடியும் என்றுதான் எனக்கு அர்த்தம். நல்லவர்கள் சொல்வதே இல்லை, சொல்லாமலே ஒருநாள் விழுந்துவிடுகிறார்கள். உங்களைப் போல இரண்டு பேரை இழந்திருக்கிறேன். அவர்களில் ஒருவர் இன்றுவரை என் போனை எடுப்பதில்லை.

திங்கட்கிழமை என்ன சொல்வது என்று கேட்டீர்கள். "என்னால முடியாது" என்று சொல்லாதீர்கள். அதைக் கேட்டதும் என்னைப் போன்றவர்களுக்கு உங்கள்மேல் பரிதாபம் வரும், பட்டியல் அப்படியே இருக்கும். "முயற்சி பண்றேன்" அதைவிட மோசம், நான் அதைச் சரி என்றுதான் எழுதிக்கொள்வேன். பட்டியலைக் கையில் வாங்கி, "இந்த வாரத்துக்கு இதுல மூணு. எந்த மூணுன்னு நீங்க சொல்றீங்களா, நான் சொல்லட்டுமா?" என்று கேளுங்கள். அப்போது முடிவெடுக்க வேண்டியவன் நான் ஆகிவிடுகிறேன். மூன்றையும் மெயிலில் போட்டுவிடுங்கள். புதன்கிழமை நாலாவதாக ஒன்று வந்தால் அந்த மெயிலுக்கே பதில் போட்டு, "இது உள்ள வந்தா எது வெளிய போகுது?" என்று கேளுங்கள். இதற்குக் கோபப்படுகிற மேனேஜர் இருக்கலாம். நானே முதல் தடவை முறைத்திருப்பேன். இரண்டாவது தடவை எனக்கு அது வசதியாகப் போயிற்று, ஏனென்றால் மேலே போய் அதே கேள்வியை நான் கேட்க முடிந்தது.

இன்னொன்று. உங்கள் துறையிலேயே இதைப் பற்றிப் பேசி ரொம்ப நாளாயிற்று. கென்ட் பெக் 1999இல் எக்ஸ்ட்ரீம் புரோகிராமிங் என்ற சாஃப்ட்வேர் எழுதும் முறையை முன்வைத்தபோது வாரம் 40 மணி என்பது அதில் ஒரு நடைமுறை. ஒரு வாரம் ஓவர்டைம் பார்க்கலாம், தொடர்ந்து இரண்டாவது வாரமும் பார்க்கக் கூடாது. இரண்டாவது வாரமும் தேவைப்பட்டால் திட்டத்தில்தான் கோளாறு, கூடுதல் மணி நேரம் போட்டு அதைச் சரிசெய்ய முடியாது. 2001இல் அஜைல் என்கிற சாஃப்ட்வேர் வேலைமுறைக்கு அறிக்கை எழுதியவர்களும், காலவரையின்றித் தொடரக்கூடிய சீரான வேகம் வேண்டும் என்பதை ஒரு கொள்கையாகவே வைத்தார்கள். நாங்கள் அஜைலில் தினசரி நின்றுகொண்டே பேசுகிற மீட்டிங்கை மட்டும் எடுத்துக்கொண்டு மற்றதை விட்டுவிட்டோம்.

நாலுமணிப்பூ | சனி, காலை 5:40

எல்லாரும் ஆபீஸ் வேலையையே பேசறீங்க. எனக்கு ஆபீஸ் ஆறு மணிக்கு முடியும். ஆறேகாலுக்கு அடுத்த வேலை ஆரம்பம். ரெண்டு குழந்தைங்க, படுக்கையில மாமியார். இந்த வரிசையில எனக்கு லீட் யாரு? யார்கிட்ட போய் எந்த மூணுன்னு கேக்கறது?

இரவுப் பணி | சனி, காலை 7:30

அக்கா, இதுக்கு என்கிட்ட முழு பதில் இல்லை. எங்க அம்மாவைப் பாத்துக்கிட்டப்ப நானும் இங்கதான் நின்னேன். ஒண்ணு மட்டும் செஞ்சோம். வீட்டுல நடக்கற வேலை எல்லாத்தையும் ஒரு தாள்ல எழுதினேன், மருந்து வாங்கறது, டாக்டருக்கு போன் பண்றது, பேட்டரி மாத்தறதுன்னு சின்னதும் சேர்த்து. அறுபத்தி மூணு வந்துச்சு. அதைப் பாத்ததும் என் தம்பிக்குப் பேச்சே வரலை. அவனுக்குத் தெரிஞ்சது பத்தோ பதினஞ்சோதான். அடுத்த வாரத்துலருந்து இருபது அவன் பேருக்குப் போச்சு. மாமியாரோட பிள்ளை கையில அந்தத் தாளைக் குடுங்க. ஒண்ணும் சொல்லாம குடுங்க.

நாலுமணிப்பூ | சனி, காலை 7:52

எழுதறேன். எழுத உக்காரவே நேரம் தேடணும். ஆனா எழுதறேன்.

சொல்லெண்ணி | சனி, காலை 11:15

நான் வீட்டிலிருந்தே மொழிபெயர்ப்பு வேலை செய்கிறேன். மேனேஜர் கிடையாது, திட்டுவதற்குக்கூட ஆள் இல்லை. என்னை எரித்துக்கொண்டது நானேதான், அதனால் என் அனுபவம் கொஞ்சம் வேறு மாதிரி.

விழுந்து எழுந்த பிறகு ஒரு நோட்டில் தினமும் இரண்டு எண் எழுத ஆரம்பித்தேன். இன்று எத்தனை சொல் மொழிபெயர்த்தேன், நேற்று செய்ததில் எத்தனை இடம் திருத்தினேன். மூன்று மாதம் கழித்து அதைப் பார்த்தபோது என்னைப் பற்றி நான் நினைத்திருந்தது அத்தனையும் பொய். மோசமான நாட்கள்தான் என்னைச் சாய்த்தன என்று நினைத்திருந்தேன். நோட்டில் அப்படி இல்லை. ஒவ்வொரு சரிவுக்கும் இரண்டு நாள் முன்னால் ஓர் அற்புதமான நாள் இருந்தது. வழக்கமாக 2,200 சொல் போகிற கை அன்றைக்கு 4,000 போயிருக்கும். ராத்திரி எட்டு வரை உட்கார்ந்திருப்பேன், சாப்பாடு மறந்திருப்பேன், அவ்வளவு சந்தோஷம். மறுநாள் 1,800. அதற்கடுத்த நாள் 600, திருத்தம் மட்டும் நாற்பது இடம். மூன்று நாளையும் கூட்டி வகுத்தால் 2,133. வழக்கமான வேகத்துக்குக் கீழே! இதில் கொடுமை என்னவென்றால், நாலாயிரம் போன நாளை வைத்துத்தான் நான் வாடிக்கையாளருக்குத் தேதி சொல்லியிருப்பேன்.

அதனால் என் விதி தலைகீழ். மோசமான நாளுக்குக் குறைந்தபட்ச அளவு எதுவும் வைப்பதில்லை. நல்ல நாளுக்குத்தான் உச்சவரம்பு. 2,500 சொல் வந்ததும், வாக்கியம் பாதியில் இருந்தாலும் எழுந்துவிடுவேன். பாதியில் விட்டால் இன்னொரு லாபம், மறுநாள் காலை எங்கே தொடங்குவது என்று தேட வேண்டியதில்லை. முதல் இரண்டு வாரம் இது சித்திரவதை. கை துறுதுறுக்கும், "இன்னும் தெம்பு இருக்கே" என்று மனசு கெஞ்சும். அந்தத் தெம்பு நாளைக்கு உரியது என்று எனக்கு நானே சொல்லிக்கொள்வேன், நம்பிக்கை இல்லாமல்தான். நாலாவது வாரம் நோட்டைப் பார்த்து நம்பினேன்.

திங்கள்முதல், உங்களுக்கு ஆபத்து முதல் திங்கட்கிழமை இல்லை என்று நினைக்கிறேன். முதல் நல்ல புதன்கிழமைதான்.

பழைய ஆணி | சனி, மாலை 4:05

இது கொஞ்சம் உறைக்குது. ஆனா ஒரு சந்தேகம். உடம்புக்கே தெரியாதா, களைச்சா நிறுத்தணும்னு? நோட்டு எதுக்கு? நான் ஆறு மணி நேரம்தான் தூங்கறேன், வருஷக்கணக்கா. பழகிப்போச்சு. ஒரு குறையும் இல்லை.

இரவுப் பணி | சனி, மாலை 5:20

ஐயா, அந்தப் "பழகிப்போச்சு"தான் எங்க ஊழியர் பயிற்சியில ஒரு முழு வகுப்பு. 2003ல வந்த ஒரு ஆய்வு, வான் டாங்கன்னு ஒரு ஆராய்ச்சியாளரும் அவரோட குழுவும் செஞ்சது. ஆட்களைப் பிரிச்சு பதினாலு நாளைக்கு நாலு மணி, ஆறு மணி, எட்டு மணின்னு தூங்க விட்டாங்க. தினமும் கவனச் சோதனை. ஆறு மணி தூங்கினவங்களுக்குக் கவனம் நாளுக்கு நாள் சரிஞ்சுட்டே போச்சு. ராத்திரி முழுக்கத் தூங்காதவங்க அளவுக்கே கடைசியில வந்துடுச்சு. ஆனா "தூக்கமா வருதா"ன்னு கேட்டா அவங்க சொன்ன பதில் முதல் சில நாளுக்கு அப்புறம் பெருசா மாறவே இல்லை. உடம்பு சரியுது, சரியறது மட்டும் அவங்களுக்குத் தெரியலை. உங்களைச் சொல்லலை, உங்களை நான் சோதிக்கலையே.

கணக்குப்புலி | சனி, மாலை 6:00

அதனால்தான் ஆபத்தான வேலைகளில் ஓய்வை உணர்ச்சியிடம் விடாமல் கடிகாரத்திடம் விட்டிருக்கிறார்கள். ஐரோப்பிய ஒன்றியத்தில் லாரி ஓட்டுநர் நாலரை மணி நேரம் ஓட்டினால் 45 நிமிடம் நிறுத்தியே ஆகவேண்டும். களைப்பாக இருக்கிறதா என்று அவரை யாரும் கேட்பதில்லை. வண்டியில் இருக்கிற கருவி பதிவு செய்துவிடும்.

பழைய ஆணி | சனி, இரவு 8:45

ரெண்டு பேரும் சேர்ந்து என்னை லாரி ஆக்கிட்டீங்க. சரி, போகட்டும். ஆனா ஒண்ணை நீங்க எல்லாரும் விட்டுட்டீங்க. நான் பதினாலு மணி நேரம் பார்த்த காலத்துல எரியலை, அது உண்மை. எரிஞ்சது அப்புறம்தான், நாளைக்கு எட்டு மணி நேரம் பார்த்த காலத்துல. இதை இங்க யார்கிட்டயும் சொன்னதில்லை. என் வேலையை இன்னொருத்தன் பேர்ல காமிச்சாங்க. ரெண்டு வருஷம். காலைல எழுந்து பல்லு விளக்கவே பிடிக்காது. அதுக்கு நான் வச்ச பேரு கோபம்.

வரிசையில் நிற்பவன் | சனி, இரவு 9:10

ஐயா, இதைச் சொன்னதற்கு நன்றி. என் கணக்குக்குள் இது வரவே வராது. கிறிஸ்டினா மாஸ்லாக் பல வருடம் இதை ஆராய்ந்தவர். மைக்கேல் லைட்டரோடு சேர்ந்து அவர் ஆறு இடங்களைச் சொல்கிறார்: சுமை, நம் வேலைமேல் நமக்கு இருக்கிற பிடி, கிடைக்கிற அங்கீகாரம், கூட இருப்பவர்கள், நியாயம், மதிப்பீடுகள். நான் எழுதியதெல்லாம் முதல் இரண்டைப் பற்றி. உங்களுக்கு உடைந்தது மூன்றாவதும் ஐந்தாவதும். அதற்கு மூன்றரை நாள் திட்டம் போட்டு என்ன பயன்?

திங்கள்முதல் | ஞாயிறு, இரவு 9:30

எல்லாவற்றையும் இரண்டு முறை படித்தேன் (ஒரே முறையில் புரிந்தது, சும்மா இரண்டு முறை). ஆணி ஐயா, உங்கள் பதிவைப் படித்த பிறகு அந்த ஆறு இடங்களையும் எனக்குத் தனித்தனியாக எழுதிப் பார்த்தேன். எனக்கு நியாயத்தில் குறையில்லை, கூட இருப்பவர்கள் தங்கமானவர்கள். சுமையும் பிடியும்தான். அது ஒரு வகையில் ஆறுதல். நாளைக்குப் போகிறேன். மூன்று வேலை, மூன்றரை நாள், நல்ல நாளுக்கு உச்சவரம்பு மாலை ஐந்தரை.

கடைசி பெஞ்ச் | ஞாயிறு, இரவு 9:34

சகோ, நாளைக்கு மதியத்துக்குள் ஒரு வரி போடுங்கள். இல்லாவிட்டால் இங்கே யாருக்கும் வேலை ஓடாது.

திங்கள்முதல் | திங்கள், மதியம் 1:20

பட்டியலில் ஒன்பது. கேட்டேன். லீட் கொஞ்ச நேரம் என்னையே பார்த்தார். பிறகு பேனாவை எடுத்து இரண்டை வட்டமிட்டார். மூன்றாவதை நீயே எடுத்துக்கொள் என்றார். மெயில் போட்டாயிற்று.

திங்கள்முதல் | மூன்று வாரம் கழித்து, வெள்ளி, மாலை 6:10

எல்லாம் சரியாகப் போகவில்லை, அதையும் எழுதிவிடுகிறேன். இரண்டாவது வாரம் வியாழக்கிழமை புரொடக்ஷனில் (வாடிக்கையாளர்கள் பயன்படுத்துகிற சிஸ்டத்தில்) ஒன்று உடைந்தது, இரவு ஒரு மணி வரை உட்கார்ந்தேன். பழைய நான் மறுநாள் ஒன்பதுக்கு ஆஜராகியிருப்பேன். இந்தத் தடவை மதியம்தான் வருவேன் என்று மெசேஜ் போட்டுவிட்டுப் படுத்தேன். காலை முழுக்கக் குற்ற உணர்ச்சி, தூங்கவும் இல்லை. ஓய்வெடுக்கத் தெரியவில்லை என்றுதான் சொல்ல வேண்டும். அடுத்த தடவை பார்க்கலாம்.

சொல்லெண்ணி சொன்ன புதன்கிழமை மூன்றாவது வாரத்தில் வந்தது. மாலை ஐந்தரைக்கு மண்டை கண்ணாடி மாதிரி தெளிவாக இருந்தது, நிரலைச் சோதிக்கிற டெஸ்ட் பாதி எழுதியிருந்தேன், இன்னும் ஒரு மணி நேரம் இருந்தால் முடிந்துவிடும். மூடினேன். வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் அந்த மீதிப் பாதியை மனதுக்குள்ளேயே எழுதிக்கொண்டு போனேன், அது ஏமாற்று என்று தெரியும்.

அந்தப் பையனிடம் போய் மன்னிப்புக் கேட்டேன். "பரவாயில்லண்ணா" என்றான். நேற்று ஒரு சந்தேகம் கேட்டான்.

நாலுமணிப்பூ | வெள்ளி, மாலை 6:48

நல்லா இருங்கண்ணா. என் தாள்ல நாப்பத்தொண்ணு வந்துச்சு. அவர்கிட்ட குடுத்தாச்சு. ஒம்பது எடுத்துக்கிட்டார், அதுல நாலு நடக்குது.

இந்தப்பக்க மேனேஜர் | வெள்ளி, இரவு 9:15

ஒரு கேள்வி, சுயநலத்தோடு கேட்கிறேன், என் ஷீட்டுக்காக. ஒன்பதில் மூன்று எடுத்தீர்கள். மீதி ஆறு என்ன ஆயிற்று?

திங்கள்முதல் | வெள்ளி, இரவு 9:22

இரண்டை இன்னொருவர் எடுத்துக்கொண்டார். ஒன்றை வாடிக்கையாளரே வேண்டாம் என்றுவிட்டார். ஒன்று அடுத்த வாரம் எனக்கு வருகிறது. மீதி இரண்டையும் இதுவரை யாரும் கேட்கவில்லை.